ஹூவுக்குப் பதில் இல்லை

கண்டியில பெரஹரா ஊர்வலம் தொடங்கிட்டா ஊரெல்லாம் கண்டிக்குப் போகும். எங்க நாத்தனா மட்டும் கண்டியை விட்டுட்டு எங்க காணிக்கு வருவா. ரோட்டை மூடிட்டாங்க, கடை வாசல்ல கால் வைக்க இடமில்ல, மேளச் சத்தத்துல புள்ளைக்குத் தூக்கமில்லன்னு அவளுக்கு ஆயிரம் காரணம். உண்மையான காரணம் எனக்குத் தெரியாதா? எங்க பட்டியில கறக்குற பாலும், நான் அவிச்சுக் கொட்டுற மரவள்ளிக் கிழங்கும்தான். வர்றப்ப ஒரு பாண் ரொட்டியும் ஒரு கட்டு வெத்தலையும் கையில இருக்கும். போறப்ப சாக்கை பஸ்ல ஏத்த கண்டக்டர் எறங்கி வரணும். இப்படிச் சொல்றேனே தவிர, ஆகஸ்ட் லீவுக்கு அவ வரலைன்னா எனக்குச் சோறு எறங்காது.

என் பேரு பாலம்மா. எங்க காணி பன்விலவுக்கு மேல, மடுல்கெல்ல பஸ் போற ரோட்டுலருந்து கீழே எறங்குற சரிவுல இருக்கு. எங்க வீட்டுக்காரர் காளிமுத்து, எஸ்டேட் வேலைப் பதிவுல பேரை வெட்டிட்டு வந்து, ஒரு சிங்கள முதலாளிகிட்ட வாங்குன காடு. வெட்டித் திருத்தி, மேல போஞ்சிக்காய், நடுவுல மிளகு, கீழ ஓடைப்பக்கம் மரவள்ளின்னு ஆக்கிவச்சிருந்தோம். மாடு நாலு. எங்க பயலுக ரெண்டும் கொழும்புல கடையில நிக்குதுக. வருசம் பூரா அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் மாட்டோடதான் பேசிக்கிட்டு இருப்போம்.

நாத்தனா பேரு அன்னலட்சுமி. அவருக்கு ஒரே தங்கச்சி. கண்டி டவுன்ல புருஷனுக்குச் சில்லறைக் கடை. ரெண்டு புள்ள வயித்துலயே தங்காமப் போயி, அப்புறம் தங்குனது நிரோஷா. நான் சொல்ற அந்த ஆகஸ்ட், இலங்கை கிரிக்கெட்டுல உலகக் கிண்ணம் ஜெயிச்ச வருஷத்து ஆகஸ்ட். நிரோஷா அப்ப ரெண்டாம் வகுப்பு. பாத்துப் பாத்து வளத்த புள்ள. தும்முனா உப்பு சுத்திப் போடுவா, துள்ளுனா கயிறு கட்டுவா. புள்ளை கழுத்துல ஒரு தாயத்து, இடுப்புல ஒரு தாயத்து. "ஏன்டி, இதுக்கு மேல புள்ளை எங்கடி இருக்கு"ன்னு நான் கேப்பேன். "உங்களுக்குத் தெரியாது மதினி"ம்பா. தெரியாதுதான். நான் பெத்த ரெண்டும் சேத்துல உருண்டு தானா வளந்துச்சுக.

நிரோஷாவுக்கு என் காலு மேல ஒரு கண்ணு. மாடு மிதிச்சு என் இடது கால் பெருவிரல் நகம் கருத்துப் போய், பாதி விழுந்து, கோணையா மொளச்சிருந்துச்சு. குதிங்கால் பூரா வெடிப்பு. வந்த அன்னைக்கே பக்கத்துல குந்திக்கிட்டு, "அத்தை, இது காலே இல்ல, முதலை"ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு. விளக்கெண்ணெயை எடுத்து அந்த வெடிப்புல தடவியும் விட்டுச்சு. டவுன் புள்ளைன்னாலும் கை நல்ல கை.

அந்தத் தடவை காட்டுப்பன்னித் தொல்லை தாங்கல. கிழங்கைப் பூரா கிளறிப் போட்டுட்டுப் போகும். எங்க பக்கத்துல எல்லாருமே அதுக்குக் கட்டுத்துவக்குத்தான் கட்டுவாங்க. பொலிசுக்குத் தெரிஞ்சா உள்ள போடுவான், ஆனா பன்னிக்குச் சட்டம் தெரியுமா? இரும்புக் குழாயில வெடிமருந்தும் ஈயமும் அடைச்சு, ரெண்டு முளையில பன்னி உசரத்துக்குக் கட்டி, பன்னி வர்ற தடத்துக்குக் குறுக்க மெல்லிசா ஒரு கம்பியை இழுத்து, எதுத்த மரத்துல கட்டிருவாங்க. கம்பியில எது பட்டாலும் வெடிக்கும். பன்னி உசரம்னா நம்ம முழங்கால் உசரம். உக்காந்திருக்கிற சின்னப் புள்ளைக்கு நெஞ்சு உசரம்.

அதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. தமிழனோ சிங்களவனோ, கட்டுறவன் கட்டுறதுக்கு முன்னால காணி நடுவுல நின்னு பெருசா ஒரு ஹூ போடுவான். உள்ள விறகு பொறுக்குறவ, புல்லு அறுக்குறவ, யார் இருந்தாலும் திருப்பி ஹூ போடணும். பதில் வந்தா அந்த ஆளு வெளிய வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பான். பதில் வரலைன்னா உள்ள ஆளில்லன்னு கட்டிட்டு ஏறி வந்துருவான். அப்புறம் விடிஞ்சு அவனே போய் அவுக்குற வரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது. பொழுது சாயுற நேரத்துல அங்கொரு மலையில ஹூ, இங்கொரு மலையில ஹூன்னு கேக்கும். எங்களுக்கு அது கோயில் மணி மாதிரி பழகிப்போச்சு.

வழக்கமா அன்னலட்சுமி வந்திருக்கிற நாள்ல அவர் துவக்குக் கட்ட மாட்டார். அந்தத் தடவை பன்னி ஒரு பாத்தி பூரா தின்னுட்டுப் போனதுல மனுசனுக்கு வயிறு எரிஞ்சு போச்சு. பகல் சோத்துக்கு உக்காந்தப்ப, "இன்னைக்குக் கட்டப் போறேன். பொழுது எறங்குனா யாரும் கீழே போகாதீங்க"ன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரித்தான் சொன்னார். நிரோஷா தட்டுல கருவாட்டுல முள்ளு பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு. அது காதுல விழுந்துச்சோ என்னவோ.

சாயங்காலம் பனி எறங்க ஆரம்பிச்சிருச்சு. லேசாத் தூத்தல். அவர் தலையில சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டுக் கீழே போனார். நான் பட்டியில பால் கறந்துக்கிட்டு இருந்தேன். அவர் போட்ட ஹூ எனக்குக் கேட்டுச்சு. பதில் இல்ல. கொஞ்ச நேரத்துல ஏறி வந்து, பால் கேனைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டார். பால் எடுக்கிற இடம் ரோட்டுல ரெண்டு வளைவு தாண்டி இருக்கு.

நான் பட்டியைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்தா, அன்னலட்சுமி அடுப்படியில தேத்தண்ணி ஊத்துறா. என்னைப் பாத்துட்டு, "நிரோஷா எங்க மதினி"ன்னு கேட்டா.

"உன்கிட்டதானே இருந்தா."

"கன்னுக்குட்டியைப் பாக்க உங்ககிட்ட வர்றேன்னுதானே போனா."

பட்டிப் பக்கம் அது வரவே இல்ல. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். வீட்டைச் சுத்தி ஓடிப் பாத்தோம், கக்கூஸ் பக்கம் பாத்தோம், வைக்கப் போரைப் பாத்தோம். கீழே எறங்குற தடத்துல, வாழைக்குப் பக்கத்துல, அவளோட சிவப்புச் செருப்பு ஒண்ணு சேத்துல மாட்டிக் கெடந்துச்சு. கால் கீழ்ப்பக்கம் பாத்துப் போயிருக்கு.

அன்னலட்சுமி அங்கருந்தே "நிரோஷா, நிரோஷா"ன்னு கத்துனா. நான் பாஞ்சு போய் அவ வாயைப் பொத்துனேன்.

"கத்தாதடி. உன் குரலைக் கேட்டு ஓடி வந்தாள்னா கம்பியில காலு படும்."

அவ என் கையை எடுத்துவிட்டுட்டு, "வர மாட்டா மதினி"ன்னா. "பதிலும் சொல்ல மாட்டா. நான்தான் சொல்லி வச்சிருக்கேன். பொழுது சாஞ்சு யாராவது கூப்பிட்டா, அது காத்து கருப்பு. பேர் சொல்லிக் கூப்பிடும், அம்மா குரல்லயே கூப்பிடும். வாயைத் திறந்தா உசுரைக் கொண்டுபோயிடும். நான் வந்து தொடுற வரைக்கும் மூச்சு விடாம இருக்கணும்னு."

எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. அவர் ஹூ போட்டப்ப புள்ளை உள்ளதான் இருந்திருக்கு. பேய்தான் கூப்பிடுதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கு. பதில் இல்லன்னு இந்த மனுசன் துவக்கைக் கட்டிட்டு வந்துட்டார். அன்னலட்சுமியை ஒரு அறை விடணும் போல இருந்துச்சு. அறைஞ்சு என்ன பண்ண, எந்தத் தாய் புள்ளை கெடணும்னு சொல்லிக் கொடுப்பா.

"இன்னும் வெடிச்சத்தம் கேக்கல"ன்னேன். "வெடிக்காத வரைக்கும் புள்ளை இருக்கு. நீ ஓடிப்போய் உங்க அண்ணனைக் கூட்டிட்டு வா. கம்பி எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும்."

அவ ஓடுனா. நான் நின்னேன். காத்து அடிக்கிறப்பல்லாம் மரவள்ளி எலை சலசலங்குது, ஒவ்வொரு சலசலப்பையும் பன்னியோ புள்ளையோன்னு காது குடுத்துக் கேக்குறேன். அவர் வர்ற வரைக்கும் நிக்கலாம்தான். ஆனா பன்னி எறங்குற நேரம். பன்னியைப் பாத்துப் பயந்து புள்ளை ஓடுனா? இல்ல, பன்னியே கம்பியில மாட்டி, அந்தப் பக்கம் புள்ளை இருந்தா? அப்புறம் அவரைப் பொலிஸ் பிடிச்சுட்டுப் போறதெல்லாம் பெருசில்ல, அந்த மனுசன் அதுக்கு மேல உசுரோட இருக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

கையில தடி எடுத்தா தடி கம்பியை இழுத்துரும். மானாப்புல்லு நீட்டமா ஒண்ணைப் புடுங்குனேன். அது கம்பியில பட்டா தானே வளையும், கம்பியை அசைக்காது. பழக்கத்துல கொடியில கெடந்த சாக்கை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டு எறங்குனேன். அவர் ஒரு நாள் கட்டுன எடத்துல மறுநாள் கட்ட மாட்டார், பன்னி கண்டுபிடிச்சிரும்பார். அதனால எனக்கு ஒண்ணும் தெரியாது. குந்திக் குந்தி, புல்லை முன்னால நீட்டி மேலயும் கீழயும் ஆட்டி, ஒரு அடி வைப்பேன். திரும்ப ஆட்டுவேன். முனியாண்டி சாமி, இந்தப் புள்ளையை மட்டும் கொடுத்துரு, கெடா வெட்டுறேன்னு வாய்க்குள்ளேயே வேண்டிக்கிட்டேன்.

மிளகுக் கொடி முடிஞ்சு மரவள்ளி தொடங்குற எடத்துல புல்லு வளைஞ்சுச்சு.

நான் அப்படியே கல்லாகிட்டேன். கண்ணைச் சுருக்கிப் பாத்தா, மழைத்துளி கோத்த மாதிரி கம்பி தெரியுது. வலது பக்கம் கண்ணை ஓட்டுனேன், ரெண்டு முளைக்கு நடுவுல குழாய். இடது பக்கம் ஓட்டுனேன், பெரிய பலா மரம். கம்பியை அதோட வேர்லதான் கட்டியிருக்கார். அந்த வேருக்கும் வேருக்கும் நடுவுல நிரோஷா உக்காந்திருக்கு. குழாய் வாய் நேரா அவளைப் பாத்துக்கிட்டு இருக்கு. கம்பி அவ முழங்காலுக்கு முன்னால ஒரு சாண் தள்ளிப் போகுது. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கு.

துவக்குக் கட்டுறப்ப இவ எங்க இருந்தாங்கிறது பின்னாலதான் தெரிஞ்சுச்சு. கன்னுக்குட்டிக்குப் பலா எலை பொறுக்க எறங்கியிருக்கா. சாக்கைப் போட்டுக்கிட்டு, மூஞ்சி தெரியாம, ஹூன்னு ஊளையிட்டுக்கிட்டு வந்த மாமாவைப் பாத்துட்டு புதருக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கா. அவர் போனப்புறம் வெளிய வந்தா, வீட்டுப்பக்கமிருந்து அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுது, அதுவும் அம்மா குரல்ல. அப்படியே வேருக்குள்ள உக்காந்துட்டா.

இப்ப அவ என்னைப் பாத்துட்டா. நானும் சாக்கைப் போட்டுக்கிட்டு, குந்திக் குந்தி, பனிக்குள்ளருந்து வர்றேன். அவ கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. காலை இழுத்து எந்திரிக்கப் பாத்தா. எந்திரிச்சா கம்பி.

சாக்கைத் தூக்கி எறிஞ்சேன். "அத்தைதான்டா"ன்னேன். நம்பல. ஏன் நம்பும், அம்மா குரல்லயே வரும்னு சொல்லி வளத்திருக்கு. அத்தை மூஞ்சியில வராதா? அவ கை வேரைப் பிடிச்சுருச்சு, ஓடப் போறா. பேய்க்குக் கால் தரையில படாதுங்கிறது எங்க பக்கத்துல பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும். எனக்கு வேற ஒண்ணும் தோணல. சீலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடிச்சு, இடது காலை முன்னால நீட்டி, சேத்துல அழுத்தி வச்சேன்.

"காலைப் பாரு கண்ணு. அத்தையோட முதலைக் காலு. தரையில படுது பாரு."

அவ பாத்தா. கருத்த நகத்தைப் பாத்தா. வாயிலருந்து ஒரு கை கீழே எறங்குச்சு.

"அசையாத. அப்படியே இரு. அத்தை வந்து தொடுறேன்."

கம்பிக்கு மேல்பக்கமா நகந்து நகந்து மரத்துக்குப் பின்னால போய், வேருக்கு மேலால கையை நீட்டி அவ ரெண்டு கக்கத்துலயும் பிடிச்சேன். முன்னால வெடிக்கிற கம்பி இருக்கு, காலை மடக்குன்னு சொல்லிட்டுத் தூக்குனேன். பாவாடை நுனி கம்பியைத் தொட்டுத் தொடாம போச்சு. மரத்துக்குப் பின்னால கொண்டுவந்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். புள்ளை மூத்திரம் போய் நனைஞ்சு, ஈரக் கோழி மாதிரி நடுங்குது. நானும் அழுதுட்டேன், வெக்கமில்லாமச் சொல்றேன். தப்பிச்சுட்டோம்னு நெனச்சேன்.

அப்ப மேலருந்து தடதடன்னு ஆள் ஓடி வர்ற சத்தம். "நிரோஷா, நிரோஷா"ன்னு அன்னலட்சுமி. ரோட்டுல அண்ணனைப் பாத்துச் சொல்லிட்டு, அவர் பின்னால கேனைப் போட்டுட்டு ஓடி வர்றதுக்குள்ள, இவ முந்திக்கிட்டு வந்துட்டா. தடத்துலயே நேரா எறங்குறா. தலைவிரி கோலமா, கண்ணு மண்ணு தெரியாம. "நில்லுடி"ன்னு கத்துறேன்னு நெனக்கிறேன், எனக்குத் தொண்டையிலருந்து காத்துதான் வருது. இன்னும் நாலு எட்டு வச்சா கம்பி.

என் நெஞ்சுலருந்து நிரோஷா தலையைத் தூக்குச்சு. அது இவ்வளவு நேரமும் ஒரு சத்தம் போடல. மேலருந்து வர்றது அம்மாவோ, அம்மா குரல்ல வர்ற வேற எதுவோ, அதுக்கு எப்படித் தெரியும்? என் கழுத்தை எறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, பலம் எல்லாத்தையும் சேத்துக் கத்துச்சு.

"இருக்கேன்மா. நில்லு, வராத. நான் இருக்கேன்."

அன்னலட்சுமி வழுக்கி, உக்காந்த மாதிரி விழுந்தா. அவ கால் பெருவிரலுக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு வாழைப்பழம் வைக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. பின்னால வந்தவர் அவளைத் தோளைப் பிடிச்சு இழுத்துப் போட்டுட்டு, சுத்திப் போய்க் கம்பியை அவுத்து, துவக்கை முளையோட பேத்து எடுத்தார். பலாவுக்கு அடியில எங்களைப் பாத்தார். குழாய் எதைப் பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னும் பாத்தார். ஓடைப் பக்கம் திருப்பி அவரே வெடிக்க வச்சார். மலை பூரா அது திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. அப்புறம் அந்தச் சேத்துலயே உக்காந்து, "ஹூ போட்டேனே பாலம்மா, ஹூ போட்டேனே"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தார்.

துவக்கைக் கழட்டிக் கக்கூஸ் குழியில போட்டுட்டார். அந்த வருஷம் மரவள்ளியைப் பூரா பன்னிதான் தின்னுச்சு. தின்னுட்டுப் போகட்டும். முனியாண்டிக்குக் கெடா வெட்டுனோம். அன்னலட்சுமி மறுநாளே சாக்கு சட்டி ஒண்ணும் இல்லாம பஸ் ஏறிட்டா. நானும் நிறுத்தல.

டிசம்பர் லீவுக்கு அவ வரல. பாத்துப் பாத்துட்டு, கிழங்குக்குப் பதிலா போஞ்சியும் பாலும் கட்டிக்கிட்டு நான் கண்டிக்குப் போனேன். எங்க வழக்கத்துல அது தலைகீழ்தான். கடைக்குப் பின்னால ரெண்டு அறை வீடு. நிரோஷா கதிரையில உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் முதல்ல காலைத்தான் பாத்தா. அப்புறம்தான் ஓடி வந்து கட்டிக்கிட்டா.

பொழுது சாயுற நேரம். பக்கத்து வீட்டு முஸ்லிம் பொம்பளை றலியா, வாசல்ல நின்னு, தெருவுல வெளையாடிக்கிட்டு இருக்கிற அவ மகனைக் கூப்பிட்டா. "வாப்பா வர நேரமாச்சு, ஊட்டுக்கு வா"ன்னு. யார் யாரையோ கூப்பிடுற சத்தம். நிரோஷா எழுதுறதை விட்டுட்டு, தலையைத் தூக்கி, "இருக்கேன்"னு சத்தமாச் சொன்னா. எதுத்த வீட்டுல யாரோ யாரையோ கூப்பிட்டாங்க. "இருக்கேன்"னா. முட்டுச்சந்துல ஒருத்தன் பழைய போத்தல் வாங்கக் கூவிக்கிட்டுப் போனான். அவனுக்கும் "இருக்கேன்"னா.

நான் அன்னலட்சுமியைப் பாத்தேன். அவ அடுப்பை ஊதிக்கிட்டே, "அன்னைக்கிலருந்து இப்படித்தான் மதினி. வெளிச்சம் போகுற வரைக்கும் எல்லாத்துக்கும் பதில் சொல்லுது"ன்னா. கழுத்துல பாத்தேன், தாயத்து இல்ல.

"நீ ஒண்ணும் சொல்றதில்லையா?"

"என்னத்தைச் சொல்ல"ன்னா. அப்புறம், அடுப்புலருந்து திரும்பாமலே, கொஞ்சம் சத்தமா, "நிரோஷா"ன்னு கூப்பிட்டா. ஒரே அறையில, கை நீட்டுனா தொடுற தூரத்துல உக்காந்திருக்கிற புள்ளையை.

"இருக்கேன்மா"ன்னுச்சு அது.

அன்னலட்சுமி தேத்தண்ணியை இறக்கி வச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு, திரும்பவும் கூப்பிட்டா.